செவிட்டில் அறைதல்

சினம் மூண்டவர் வாயினின்று விரைந்து புறப்படும் சொல், ‘செவிட்டில் அறைவேன்’ என்பது. செவிடு என்பது காதையடுத்த கன்னப் பகுதியையும் குறிக்கும், கேளாமையையும் குறிக்கும். அவ்விடத்து விழும் அடி எங்குக் கொண்டு சேர்க்குமென்பதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்க, பிரம்பைக் கைவிட்ட ஆசிரியர் சிலரும் பெற்றோர் பலரும் ‘வெறுங்கைதானே’ என்று கையை ஓங்குகின்றனர்.

வெறுங்கையே இங்குக் கொடியது. செவித்துளையுள் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. ஆழத்தில் செவிப்பறை கட்டப்பட்டுள்ளது. அதன் குறுக்களவு ஒரு செ.மீ. அளவினது, தடிப்போ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கே. பறை என்னும் பெயர் வெறும் அழகுக்காக இட்டதன்று. இழுத்துக் கட்டிய தோலைப் போன்றே அதுவும் அதிர்கின்றது. மிக மெல்லிய ஒலிக்கு அஃது அசையும் தொலைவு ஓர் அணுவின் அளவினும் குறைவு! அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் ஏந்தி உட்செவி நீர்மத்துட் செலுத்துகின்றன. அகன்ற பறை வாங்கிய விசை அங்கவடியின் சிறிய அடித்தட்டிற் குவிவதால் அழுத்தம் ஏறத்தாழ இருபது மடங்கு பெருகுகின்றது. அப் பெருக்கம் இல்லையேல், காற்றில் வந்த ஒலியின் பெரும்பகுதி நீர்மத்திற் பட்டுத் திரும்பிவிடும்.

விரித்த உள்ளங்கை காதின்மேல் விழுங்கால் துளைவாயை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை நெருக்குகின்றது. ஒதுங்க இடமற்ற காற்று பறையைக் கிழிக்கின்றது. கிழிபடுவது பெரும்பாலும் இடச்செவி. அறைவோருட் பெரும்பாலார் வலக்கையர். எதிர்நிற்கும் பிள்ளைக்கு அஃது இடப்பக்கமன்றோ!

பள்ளியிற் பிள்ளைகளை அடிப்பதை இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கின்றது. வீட்டுக்குள் அச் சட்டம் நுழைவதில்லை.

சிறு கிழிசல் பெரும்பாலும் சில கிழமைகளில் தானே மூடிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால், உடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது அடித்தவர்க்குரிய மன்னிப்பாகாது. மூடாதவற்றுக்கு அறுவை வேண்டும். அதுவரை காதுக்குள் நீர் புகலாகாது. வீட்டார் இரக்கத்தோடு காய்ச்சி ஊற்றும் எண்ணெயோ மற்றொரு கேடு. வலி, இரைச்சல், குருதிக் கசிவு, ஒலி மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

ஆயின் அடிபட்ட பிள்ளை இவற்றை வெளியிற் சொல்வதில்லை. சொன்னால் மறுபடியும் அடி விழுமென்னும் அச்சம். மறுநாள் ஆசிரியர் அவனை இடப்பக்கத்திலிருந்து அழைப்பார். அவன் திரும்பமாட்டான். ‘திமிர்’ என்று அதற்குப் பெயரிட்டு, அவர் மீண்டும் கையை ஓங்குவார்.