உறைபெட்டியும் ஓய்வுநாளும்

ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. நழுவவிட்ட காலத்துக்கு உவமையாய்ப் பிறந்த அம்மொழி, இன்று ஈப்போ நகரத்துத் தமிழ் இல்லங்களில், வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களின்மீது வீசப்படும் கல்லாகிவிட்டது. வார இறுதியில் பருப்பும் குழம்பும் இறைச்சியும் சமைத்து, ஆறவைத்து, சிறுசிறு கலங்களில் அடைத்து உறைபெட்டியில் அடுக்கி, வேலைநாள் மாலைகளில் ஒவ்வொன்றாய் எடுத்துச் சூடாக்கிப் பரிமாறுகிறாள் ஒரு பெண். 'ஐஸ்பெட்டிக் குழம்பில் அன்பு ஏது?' என்று கேட்கிறான் கணவன். 'வாரத்துக்கு ஒருநாள் சமைக்கிற வீடும் ஒரு வீடா?' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் மாமியார். அடுப்பு அணைந்தால் பண்பாடு அணையும் என்று மேடையேறி முழங்குகிறார் ஊர்ப்பெரியவர். முழங்குகிறவர் அன்று காலை பசியாறியது எந்தக் கடையில் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

பண்பாட்டுக் காவலர்க்கு இலக்கியச் சான்றும் எளிதாய்க் கிடைத்துவிடுகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலைத் தமிழாசிரியர் பலரும் விரும்பிப் பாடம் சொல்வர். கூடலூர் கிழார் பாடிய அப்பாட்டில், தயிர் பிசைந்த விரலைத் தான் உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படியத் தலைவி புளிக்குழம்பு சமைக்கிறாள். தலைவன் உண்டு மகிழ்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. ஒப்பற்ற பாடல்; ஐயமில்லை. ஆனால் அது புதுமணம் புரிந்த இளம்பெண்ணின் ஒருவேளைச் சமையலைக் காட்டும் சொல்லோவியமேயன்றி, இல்லத்தரசியர்க்கு விதித்த பணிநேர அட்டவணையன்று. அத்தலைவி மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கியவள் அல்லள்.

உண்பதற்குச் சற்றுமுன் சமைத்ததே தமிழருணவு என்னும் கொள்கை எங்கிருந்து வந்தது? பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து வரவில்லை என்பது உறுதி. 1877ஆம் ஆண்டில் கோல கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அவற்றுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம் அந்நகரில் இன்றும் நிற்கிறது. அம்மரத்தின் வழித்தோன்றல்களே பின்னாளில் தமிழ்ப் பெண்ணின் சமையல் வேளையை வகுத்தன என்றால் மிகையாகாது. பால்மரத்தில் பால் நன்கு வடிவது வைகறைக் குளிர்ச்சியில். வெயிலேறினால் ஓட்டம் தளரும். ஆதலால் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். அதற்கு முன்னர் அடுப்பு எரிந்திருக்க வேண்டும். சோறு வடிந்திருக்க வேண்டும். பால்குடி மறவாத பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டும்.

இவ்வளவையும் நாலு மணிக்கு எழும் ஒருத்தி எவ்வாறு முடித்தாள்? முதல்நாளே முடித்தாள். அதுதான் மறைபொருள். இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தாள். காலையில் அது பழஞ்சோறாயிற்று. நேற்றைய மீன்குழம்பைச் சுண்டவைத்தாள். சுண்டக் குழம்பின் சுவைக்கு ஈடில்லை என்று குடும்பமே புகழ்ந்தது. தூக்குச் சட்டியில் அடைத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். நிரையில் ஐந்நூறு மரம்வரை சீவி முடித்து, பால் எடுக்கும் நேரம் வரும்வரை மரநிழலில் அமர்ந்து அதையே உண்டாள். ஓய்வுநாளில் ஊறுகாய் போட்டாள்; வடகம் பிழிந்தாள்; மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து மாதக்கணக்குக்கு வைத்தாள். கருவாடும் நெத்திலியும் அவள் அடுக்களையில் காத்துக்கிடந்தன. அந்தச் சோற்றில் அன்பு இல்லை என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. எந்தப் பேரனும் இன்றுவரை சொல்லவில்லை. பாட்டியின் சுண்டக் குழம்பை எண்ணி உருகுகிறவன், மனைவியின் உறைபெட்டிக் குழம்பைக் கண்டு முகஞ்சுளிப்பது என்ன நீதி?

முன்கூட்டிச் சமைப்பது வறுமையின் அடையாளம் மட்டுமன்று. அது ஓர் அறிவு. தொலைவழி போகிறவர் கட்டுச்சோறு கொண்டு போயினர். புளிக்காய்ச்சலும் உப்புக்கண்டமும் அவ்வறிவின் கொடை. ஈப்போ புந்தோங்கில் பெயர்பெற்ற கச்சாங் பூத்தே வணிகத்தையே எடுத்துக்கொள்ளலாம். முறுக்கும் வறுகடலையும் ஓமப்பொடியும் பொரித்தவுடன் தின்பதற்காகவா பொரிக்கப்படுகின்றன? நாள்பட வைத்திருந்து நாடெங்கும் விற்பதற்கன்றோ! தமிழர் கைப்பட்ட பண்டத்தின் பெருமையே, அது கெடாது நின்றதில் இருக்கிறது.

பின்னர்க் காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, சில வீட்டுமனைகளாயின. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களில் குடியேறின. பால்வெட்டிய பெண்ணின் மகள் தொழிற்சாலைக்குப் போனாள்; பேத்தி மருத்துவமனையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பணிபுரிகிறாள். தோட்டத்தில் வேலைக்காடு வீட்டையடுத்து இருந்தது. பிற்பகலில் பெண் வீட்டிலிருந்தாள். நகரத்திலோ வேலை முடிவதே மாலையில்; சாலை நெரிசல் முடிவது அதற்கும் பின்னர். மகனுக்கு வகுப்பு, மகளுக்கு நடனப் பயிற்சி, மாமனார்க்கு மருந்து வேளை. அந்நேரத்தில் வெங்காயம் நறுக்கத் தொடங்கினால் உணவு மேசைக்கு வருவது எட்டரை மணிக்கு.

ஆகவே இங்குள்ள போட்டி, அப்போது இறக்கிய சாம்பாருக்கும் உறைந்த சாம்பாருக்கும் இடையே அன்று. உறைந்த வீட்டுச் சாம்பாருக்கும், கடையில் பொட்டலம் கட்டிய வறுத்த மீக்கும் இடையே. இந்த உண்மையை மறைத்துப் பேசுவதே பழமைவாதியின் சூழ்ச்சி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாய்க் கண்டனர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. எண்ணெயும் உப்பும் சீனியும் எவ்வளவு என்பதைச் சமைக்கிறவர் தீர்மானிக்கும் உணவு வீட்டுணவு ஒன்றே. அது செவ்வாய்க்கிழமை சமைத்ததா, ஞாயிற்றுக்கிழமை சமைத்ததா என்று இரத்தம் கேட்பதில்லை.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்பார் உளர். அவர்க்கு ஒரு செய்தி. விரைவுறைத்தலை வணிகமாக்கிய அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்சை, அதைத் தாமாய்க் கண்டுபிடித்தவர் அல்லர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கனடாவின் லாப்ரடார்ப் பனிநிலத்தில் வாழ்ந்தபோது, பிடித்த மீனைக் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறையவிட்டு, பல திங்கள் கழித்து உண்ட இனுயிட் மக்களிடம் கற்றார். வெயில் காய்ந்த ஊரார் கருவாடு போட்டனர். பனி காய்ந்த ஊரார் மீனை உறையவைத்தனர். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

எனினும், உறைபெட்டிச் சமையலுக்காக வாதாடுகிறவர் அதன் குறைகளை மூடி மறைத்தல் தகாது. பழிக்கப்படும் உணவுகளுட் பல, பழிக்கத் தக்கவாறே ஆக்கப்படுகின்றன. எதையும் சமைத்துப் பானையோடு தூக்கி உள்ளே தள்ளுவது சமையலன்று, சோம்பல். வீட்டு உறைபெட்டி மெல்லவே உறையவைப்பது. மெல்ல உறைந்தால் பனித்துகள் பெரிதாகும். பெரிய துகள் காய்கறியின் சதையைக் கிழிக்கும். உருளைக்கிழங்கு மாவாய் உதிர்வதும் கத்தரிக்காய் கூழாவதும் இதனாலேயே. தேங்காய்ப்பாலோ திரிந்து பிரியும். ஆதலால் குழம்பின் மசாலாவை மட்டும் வதக்கி உறையவைத்து, சூடாக்கும்போது பாலூற்றுகிறவள் அறிவுடையவள். வேகவைத்த பருப்பு நன்கு உறையும். கோழிப் பிரட்டலும் அவ்வாறே. துருவிய தேங்காயும், அவித்தெடுத்த இட்டலியும் தாழ்வின்றி உறையும். சாம்பாருக்குக் காயை மாலையில் புதிதாய்ச் சேர்க்கலாம். ஓரிரவுக்கு ஒரு கலம் என அளவாய்ப் பிரித்து, தேதி எழுதி ஒட்டி, 18 பாகை செல்சியசு உறைநிலைக்குக் கீழ் வைத்தால் இரண்டு மூன்று திங்கள் சுவை குன்றாது.

சோற்றின் செய்தி தனித்துச் சொல்லத் தக்கது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. வடித்த சோறு மூடிய சட்டியில் வெதுவெதுப்பாய்க் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உமிழும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரில் ஊறிப் புளிப்பேறும் பழஞ்சோறு வேறு. காலை முதல் மாலைவரை மேசைமேல் மூடிக்கிடந்த சோறு வேறு. மலேசிய வெக்கையில் சமைத்ததை அகன்ற தட்டில் பரப்பி, ஒருமணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். உறைந்ததை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும்; கொதிக்கக் கொதிக்கச் சூடாக்க வேண்டும்; மிஞ்சியதை மீண்டும் உறையவைத்தல் ஆகாது. குளிர் நுண்ணுயிரியை உறங்கவைக்குமேயன்றிக் கொல்லாது.

இத்துணைக் கவனம் வேண்டும் இவ்வேலையைச் செய்பவர் யார்? இங்கேதான் உறைபெட்டியின் ஆதரவாளரும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. பெண்ணின் சுமையை இறக்கிவைத்த பொறி என்று அதைப் புகழ்கிறார்களே, எந்தச் சுமையை இறக்கிற்று? திங்கள் முதல் வெள்ளிவரை பரவிக்கிடந்த சுமையைத் திரட்டி ஞாயிற்றுக்கிழமையின் தலைமேல் வைத்தது, அவ்வளவே. உறைபெட்டி குளிர்விக்கும், அது சமைக்காது. சந்தைக்குப் போவதும், மீன் ஆய்வதும், கிலோக்கணக்கில் வெங்காயம் உரிப்பதும், பத்துப் பதினைந்து கலங்களைக் கழுவித் துடைத்து அடுக்குவதும் ஒரே ஓர் ஆளின் வேலையாய் நிற்குமாயின், அவளுக்கு ஏழு நாளும் வேலைநாளே.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரந்தோறும் ஒரு முழு ஓய்வுநாள் தந்தது. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. நாடாளுமன்றம் ஈந்த அம்மூன்று மணியைத் தமிழ் வீட்டு அடுக்களை வட்டியும் முதலுமாய்ப் பறித்துக்கொள்கிறது. கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூரில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுப் பராமரிப்புப் பணிக்கு ஆண் நாளொன்றுக்கு 2.2 மணி நேரமும், பெண் 3.6 மணி நேரமும் செலவிடுகின்றனர். தலைநகரில் இது. தலைநகரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி கிந்தாப் பள்ளத்தாக்குக்கு உண்டா?

ஆணுக்குச் சமையல் வராது என்பது பெரும்பொய். தைப்பூசத்தன்று குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்துக்குச் சென்று பார்த்தவர் அறிவர். தண்ணீர்ப் பந்தல்களிலும் அன்னதானக் கொட்டகைகளிலும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, படகுத் துடுப்புப் போன்ற கரண்டியால் அண்டாவைக் கிண்டுகிறவர் யார்? திருமணச் சமையலுக்கு முன்னிரவே வந்து காய் நறுக்குகிறவர் யார்? ஆடவரே. அதுவும் முன்கூட்டிச் சமைத்தல்தான். அளவறிந்து, ஆளறிந்து, நேரமறிந்து செய்யும் பெருஞ்சமையல்தான். ஆயிரம் பேர்க்குச் சாம்பார் கிண்டச் சலிக்காத கை, ஐவர்க்குப் பருப்பு வேகவைக்கும்போது மட்டும் வலிப்பானேன்? ஊர் பார்க்கச் செய்தால் தொண்டு, வீட்டில் செய்தால் இழிவு என்று எந்தத் தமிழ்நூல் விதித்தது?

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் இரண்டு மணி நேரத்தைக் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால், ஐந்து மாலைகள் மீளும். அவன் இறைச்சியைப் பிரட்டலாம். மகன் கலங்களில் தேதி ஒட்டலாம். மகள் புத்தகத்தோடு கூடத்தில் உட்காரலாம். அவள் உட்கார்ந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. 'ஐஸ்பெட்டிக் குழம்பு' என்று ஏளனம் பேசுகிறவனுக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது: ஒவ்வொரு மாலையும் அவனே புதிதாய்ச் சமைத்து வைக்கலாம். தடுப்பார் ஒருவருமில்லை.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 'அம்மா சமைக்கிறார், அப்பா நாளிதழ் படிக்கிறார்' என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாக்கியப் பயிற்சி எழுதிக்கொடுக்கும்போது, எழுவாயும் பயனிலையும் மட்டுமா கற்பிக்கப்படுகின்றன? கட்டுரைத் தலைப்புகளில் 'என் தாயின் கைமணம்' ஆண்டுதோறும் தவறாது வருகிறது. அடுத்த தவணையில் பேராக்கின் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியில், 'ஓய்வுநாளில் என் தந்தை சமைத்த உணவு' என்று கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். எத்தனை பிள்ளைகள் கற்பனையின் துணையின்றி அதை எழுதி முடிக்கிறார்கள் என்பது ஏடுகளைத் திரட்டும்போது தெரிந்துவிடும்.