தரச்சான்று பெற்ற பழைய நாணயம்: பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்

மலேசியத் தமிழர்கள் இன்றும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே சொல்கிறார்கள். வெள்ளியிலேயே காசு புழங்கிய காலத்தின் எச்சம் அந்தச் சொல். அந்தக் காலத்து ராணி தலை, ராஜா தலைக் காசுகள் இன்னும் பல வீடுகளின் பெட்டிகளில் கிடக்கின்றன. இப்போது அவை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விலை பேசப்படுகின்றன. அண்மைக் காலமாக, 'தரச்சான்று பெற்றது' என்ற அடைமொழியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. சேமநிதிப் பணத்தை எடுத்து இதில் போடலாமா என்று யோசிப்பவர்கள், முதலில் அந்த அடைமொழியின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாணயத்தைச் சோதித்து, தரத்துக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவது அமெரிக்காவில் தொடங்கிய தொழில். 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் தோன்றின. 1 முதல் 70 வரை தர எண் உண்டு. 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு. விற்பவர் 'புத்தம் புதுசு' என்பதும் வாங்குபவர் 'தேய்ந்திருக்கிறது' என்பதுமான பழைய சண்டைக்கு இம்முறை ஒரு முடிவு கட்டியது உண்மை.

ஆனால் சிக்கல் இடம் மாறியிருக்கிறது. முன்பு காசைப் போலியாகச் செய்தவர்கள், இப்போது பெட்டியையும் லேபிளையும் சேர்த்தே போலியாகச் செய்கிறார்கள். லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினால் விவரம் வரும். அதோடு நின்றுவிடக் கூடாது. உண்மையான ஒரு நாணயத்தின் எண்ணைத் திருடிப் போலிப் பெட்டியில் அச்சிடுவதும் நடக்கிறது. ஆகவே தளத்தில் படம் இருந்தால், கீறல், கறை, நிறம் ஆகியவற்றைக் கையிலுள்ள காசோடு ஒப்பிட வேண்டும். நிறுவனம் தரும் உத்தரவாதம் அதன் சொந்தப் பெட்டிக்கு மட்டுமே. கேள்விப்படாத பெயரில் யாரோ ஒட்டிய 'தரச்சான்று' வெறும் காகிதம்.

இன்னொன்று, உயர்ந்த தரம் வேறு, அரிய நாணயம் வேறு. அச்சாலையிலிருந்து நேராகப் பெட்டிக்குப் போன நினைவு நாணயம் 69, 70 பெறுவது அதிசயமல்ல. அந்த எண்ணைக் காட்டி 'உலகிலேயே அரியது' என்பவரிடம், இதே தரத்தில் எத்தனை பதிவாகியுள்ளன என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கை இரு நிறுவனங்களும் வெளியிடுகின்றன.

பெட்டியில்லாத காசுக்கு முதல் சோதனை தராசு. 1895 முதல் 1935 வரை ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் வணிக டாலரின் எடை 26.95 கிராம். நீரிணைக் குடியேற்றங்களின் 1903, 1904 எட்வர்ட் மன்னர் டாலரும் அதே எடைதான். 1907 முதல் வந்தது 20.21 கிராம். 1919, 1920 ஜார்ஜ் மன்னர் டாலர் 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். ஓரிரு கிராம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே அல்ல. எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது.

வீட்டில் காசு வைத்திருப்போர் அதைப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்த காசுக்குத் தர எண் கிடைப்பது கடினம். 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பும். விலையும் சரியும்.

நம்மவர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு வடிவிலும் வருகிறது. ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு 1818 என்று பொறித்த 'கிழக்கிந்தியக் கம்பெனி காசு' லட்சக்கணக்கில் விலைபோகும் என்பது அதில் ஒன்று. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. 'உங்கள் காசை நாங்கள் வாங்குகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்' என்பது இன்னொன்று. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்க வருபவர் பணம் கொடுக்க வேண்டும், கேட்கக் கூடாது. இதைவிட எளிய சோதனை இல்லை.

யாரிடம் வாங்குகிறோம் என்பதுதான் பின்னால் கிடைக்கும் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. வணிகரிடம் ரசீதோடு வாங்கியவர், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். முகம் தெரியாத தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்காது; போலீஸ் புகாரும் சிவில் நீதிமன்றமும்தான் வழி. எனவே பணம் அனுப்புவதற்கு முன், காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்கு முன் தடுத்தால்தான் மீட்க வாய்ப்புண்டு.

பழங்காசு சேர்ப்பது நல்ல பழக்கம். நம் வரலாறு அதில் இருக்கிறது. ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பை வைக்கும் இடம் அதுவல்ல. வாங்கும்போது சொன்ன விலையைத் திரும்ப விற்கும்போது யார் தருவார் என்று கேளுங்கள். நேர்மையான வணிகர் அதற்குப் பதில் சொல்வார். 'இன்றைக்கே எடுத்தால்தான் இந்த விலை' என்று அவசரப்படுத்துபவரிடம் காசு அசலாகவே இருந்தாலும் வாங்க வேண்டாம்.