சினத்திற்கும் ஒரு தீவு வேண்டும்

மருத்துவமனையில் குழந்தையின் அழுகையை நாம் எளிதில் பொறுத்துக்கொள்கிறோம். அதன் சினத்தை அவ்வாறு ஏற்பதில்லை. ஊசியைக் கண்டு கதறும்போது அணைத்துக்கொள்ளும் நாமே, அது உணவுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ வேண்டாம், போ" என்று தாயை நோக்கிக் கத்தும்போது அதட்டுகிறோம். எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எந்தக் கையில் ஊசி என்பவற்றையெல்லாம் பிறரே முடிவுசெய்யும் இடத்தில், குழந்தையின் கையில் எஞ்சியிருப்பது சினம் ஒன்றே.

அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்னும் படநூல் இதை நன்கு உணர்ந்தது. இளமையில் நோயுற்று நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் அவர். கதையில் மாக்ஸ் என்னும் சிறுவன், தாயைத் தின்றுவிடுவதாக மிரட்டி, இரவு உணவின்றி அறைக்கு அனுப்பப்படுகிறான். அறைக்குள் காடு வளர்கிறது. கடல் கடந்து கொடும் விலங்குகளின் தீவை அடைகிறான். இமைக்காமல் நோக்கி அவற்றை அடக்கி அரசனாகிறான். கற்பனை வளர வளரப் படங்களும் பெரிதாகிப் பக்கங்களை நிறைக்கின்றன. ஆட்டத்தின் உச்சியில் சொற்களே இல்லை. ஆடி முடித்தவனைத் தனிமை வாட்டுகிறது. வீடு திரும்பினால், உணவு சூடாகக் காத்திருக்கிறது.

இத்தகைய கதைகள் குழந்தையை அச்சுறுத்தும் என்று அன்றும் சிலர் கருதினர், இன்றும் கருதுகின்றனர். எங்கள் கருத்து வேறு. அந்த விலங்குகள் மாக்ஸின் சினமே. உள்ளே இருந்தவரை அது அவனை ஆண்டது. உருவம் பெற்று எதிரே நின்றபோது அவன் அதை ஆண்டான். சினந்தாலும் அன்பு அறுபடாது என்பதை, எந்த அறிவுரையையும்விட அந்தச் சூடான உணவு தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே பெற்றோருக்கும் உடனிருந்து பேணுவோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. சினம் பொங்கும்போது அன்று, தணிந்த பின் படநூலை எடுங்கள். பக்கங்களைக் குழந்தையே புரட்டட்டும். சொற்களற்ற பக்கங்களில் நீங்களும் பேசாதிருங்கள். "நீயும் இப்படித்தானே?" என்று கேட்டு நீதி புகட்டாதீர்கள். நூல் கிடைக்காவிடில் ஒரு தாளும் வண்ணக்குச்சிகளும் போதும். தன் சினம் எத்தகைய விலங்கு என்று அது வரைந்து காட்டட்டும். வலியும் சில மருந்துகளும்கூடச் சினத்தைத் தூண்டக்கூடும். வழக்கத்திற்கு மாறான சினத்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள்.

பல இரவுகள் கண்விழித்த உங்களுக்கும் சினம் எழும், அது இயல்பே. சற்று நேரம் வேறொருவரை அருகில் இருத்திவிட்டு வெளியே சென்று வாருங்கள். குழந்தை தன் தீவிலிருந்து திரும்பும் வேளையில், நீங்கள் அங்கே இருந்தால் போதும்.