சப்பாத்து மட்டுமா மாறுது?

கென்யாவின் ஹெலன் ஒபிரி 2022ல கம்பனி மாறினாங்க. அதுவரைக்கும் அவங்க நைக்கி ஆள். 5000 மீற்றர்ல ரெண்டு தடவை உலக சம்பியன், ரெண்டு ஒலிம்பிக் வெள்ளி, எல்லாமே அந்தக் கம்பனி சப்பாத்தோட வந்தது. பிறகு போய்ச் சேர்ந்தது ‘ஒன்’ என்கிற சுவிட்சர்லாந்து கம்பனி. 2010ல ஆரம்பிச்சது, டென்னிஸ் ரொஜர் பெடரர் காசு போட்டிருக்கிறது. கம்பனி மாறின கையோட 5000, 10000 மீற்றரை விட்டு மரதனுக்கும் வந்தாங்க. முதல் மரதன், 2022 நியூயோர்க், ஆறாவது இடம். அடுத்த வருஷம் பொஸ்டன்ல முதலிடம், நியூயோர்க்ல முதலிடம். 2024ல மறுபடியும் பொஸ்டன். அந்த ஓட்டத்துல அவங்க போட்டிருந்த சப்பாத்துக்கு லேஸே கிடையாது. மேல்பாகம் முழுசையும் ஒரு ரோபோ கை நூல் மாதிரி தெளிச்சே செஞ்சிருக்கு.

இந்த மாதிரி செய்தியைப் படிச்சா நம்ம பக்கத்துப் பசங்க கேக்குற முதல் கேள்வி, “அந்த சப்பாத்து எவ்வளவு மச்சான்?” என்பதுதான். பெரியவங்க உடனே சிரிப்பாங்க. திறமை இல்லாதவனுக்குத்தான் சப்பாத்து ஞாபகம் வரும்னு ஒரு பேச்சு. எனக்கு அந்தச் சிரிப்புல உடன்பாடு இல்ல. அது நல்ல கேள்வி. அதுக்கு யாரும் நேர்மையா பதில் சொல்றதில்ல என்பதுதான் பிரச்சினை.

அக்கரப்பத்தனையிலயோ டயகமவுலயோ ஹோல்புறூக்லயோ பரிசளிப்பு விழாவுக்கு வர்ற பிரதம விருந்தினர் யாராவது ஒருத்தர் கட்டாயம் அபேபே பிகிலா கதையைச் சொல்லுவார். 1960 ரோம் ஒலிம்பிக், எதியோப்பியாக்காரர், வெறுங்கால், மரதன்ல தங்கம், உலக சாதனை. “ஆகவே பிள்ளைகளே, சப்பாத்து முக்கியமல்ல, மன உறுதிதான் முக்கியம்.” கைதட்டு. கதை உண்மைதான். ஆனா பாதிக்கதை. ரோமுக்கு வந்த இடத்துல கிடைச்ச சப்பாத்து அவரோட கால்ல சரியா உட்காரல. அவர் வெறுங்காலோட பழகினவர், அதனால அப்படியே ஓடிட்டார். நாலு வருஷம் கழிச்சு டோக்கியோவுல அவர் என்ன செஞ்சார்னு எந்த விருந்தினரும் சொல்றதில்ல. சப்பாத்துப் போட்டு ஓடினார். குடல்வால் சத்திரசிகிச்சை முடிஞ்சு ஆறு வாரம்கூட ஆகாத உடம்போட, ரோமைவிட மூணு நிமிஷம் வேகமா, 2 மணி 12 நிமிடத்துல முடிச்சு ரெண்டாவது தங்கம் எடுத்தார். பொருத்தமான சப்பாத்து கிடைச்சதும் அந்த மனுஷனே போட்டுக்கிட்டார். அவரோட வெறுங்காலை அறுபது வருஷமா தூக்கிப்பிடிக்கிறது மத்தவங்கதான்.

வெறுங்கால் கதை யாருக்குச் சொல்லப்படுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? கொழும்புல பெரிய கொலேஜ் ஒன்னோட விளையாட்டு விழாவுல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. அங்க சப்பாத்து இருக்கு, கதை தேவையில்ல. இல்லாத இடத்துலதான் இல்லாமையை வீரமா மாத்திக் குடுக்க வேண்டியிருக்கு.

சரி, சப்பாத்துல உண்மையிலேயே விஷயம் இருக்கா?

இருக்கு. 2017ல நைக்கி ‘வேப்பர்ஃப்ளை 4%’னு ஒன்னை 250 டொலருக்கு விட்டாங்க. தடிச்ச, லேசான, நல்லா துள்ளுற ஒரு வகை ஃபோம். அதுக்கு நடுவுல வளைஞ்ச கார்பன் தகடு. பேர்ல இருக்கிற நாலு சதவீதம் சும்மா விளம்பரத்துக்குப் போட்டதில்ல. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல 18 ஓட்டக்காரங்களை வெச்சு அளந்தாங்க. அந்தக் காலத்துல நல்லதுன்னு பேர் எடுத்த ரெண்டு மரதன் சப்பாத்தோட ஒப்பிட்டா, அதே வேகத்துல ஓட சராசரியா நாலு சதவீதம் குறைவான சக்தி போதுமா இருந்துச்சு. ஆய்வுக்குக் காசு குடுத்தது நைக்கிதான், அதையும் சொல்லணும். ஆனா பிறகு வந்த ஆய்வுகளும், போட்டி முடிவுகளும் அதை அவ்வளவா பொய்யாக்கல. 2003ல இருந்து அசையாம நின்ன போலா ராட்கிளிஃபோட பெண்கள் மரதன் சாதனையை 2019 ஒக்டோபர்ல பிரிஜிட் கொஸ்கெய் 81 விநாடி வித்தியாசத்துல முறிச்சது இந்தக் குடும்பத்துச் சப்பாத்தோடதான்.

நாலு சதவீத சக்தின்னா நாலு சதவீத நேரம்னு அர்த்தமில்ல, அதைவிடக் குறையும். ரெண்டுன்னே வெச்சுக்குவோம். பத்து கிலோமீற்றரை 32 நிமிஷத்துல ஓடுற ஒரு பையனுக்கு அது 38 விநாடி. அந்த வேகத்துல 38 விநாடின்னா ஏறக்குறைய 200 மீற்றர். முன்னாடி போறவன் முதுகு கண்ணுக்குத் தெரியுறதுக்கும் தெரியாம போறதுக்கும் உள்ள தூரம். இதை மன உறுதியில எடுன்னு சொன்னா, அவன் மத்தவனைவிட 200 மீற்றர் அதிக மன உறுதியோட பிறந்திருக்கணும்.

அதே நேரம் கடைக்காரர் சொல்றதும் முழு உண்மையில்ல. மெதுவா ஓடுறவங்களுக்கு இந்தப் பலன் நல்லா குறையுது. அதோட ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே சப்பாத்து ஒருத்தருக்குப் பெரிய லாபம், பக்கத்துல ஓடுறவருக்கு ஒன்னுமே இல்ல, சிலருக்கு நட்டம்கூட. தொழில்முறை ஓட்டக்காரங்க கம்பனி மாறுறதுல இருக்கிற சிக்கலே இதுதான். அவங்களுக்கு எந்தச் சப்பாத்து ஒத்துப்போகுதோ அதைப் போட முடியாது, ஒப்பந்தம் எதுவோ அதைத்தான் போடணும். வேப்பர்ஃப்ளை வந்த புதுசுல வேற கம்பனியில இருந்த சிலர் அதையே வாங்கி, அடையாளம் தெரியாம கறுப்பு பெயின்ட் அடிச்சு ஓடினாங்க. நம்ம ஊர்ல சாதாரண சப்பாத்துல பிராண்ட் பேரை எழுதுவாங்க, அங்க பிராண்ட் சப்பாத்துல பேரை அழிக்கிறாங்க.

எழுதுறதுன்னதும் ஹிமா தாஸ் ஞாபகம் வருது. அசாம்ல நெல்லு விளையுற கிராமத்துப் பொண்ணு. ஆரம்ப காலத்துல சாதாரண சப்பாத்து ஒன்னுல தன் கையாலேயே ‘அடிடாஸ்’னு எழுதி வெச்சு ஓடினதா அவங்களே சொல்லியிருக்காங்க. 2018ல 20 வயசுக்குட்பட்டோர் உலகப் போட்டியில 400 மீற்றர் தங்கம். பிறகு அதே அடிடாஸ் அவங்க பேரைப் போட்டு சப்பாத்து செஞ்சு குடுத்தது. எல்லாரும் இதை இனிமையான கதையா பகிர்றாங்க. எனக்கு அதுல இனிப்பைவிட கணக்குதான் தெரியுது. சப்பாத்து ரொம்பத் தேவைப்பட்ட காலத்துல பேனா, தேவை முடிஞ்ச பிறகு கம்பனி.

2020 ஜனவரி கடைசியில உலகத் தடகள அமைப்பு ஒரு விதி போட்டது. வீதி ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீற்றருக்கு மேல போகக்கூடாது, தகடு ஒன்னுக்கு மேல கூடாது, போட்டிக்கு நாலு மாசம் முன்னாடியே அந்தச் சப்பாத்து சந்தையில கிடைக்கணும். கடைசியில சொன்னது நியாயமாத்தான் தெரியும். யாரும் வாங்கலாம், அப்ப எல்லாரும் சமம். ஆனா நம்ம கணக்குல போட்டுப் பாருங்க. ஒரு டொலர் 300 ரூபான்னு வெச்சா, 250 டொலர் 75,000 ரூபா. 2024 செப்டம்பர்ல நிர்ணயிச்ச நாட்சம்பளம் 1,350 ஆ இருந்துச்சு. அந்தச் சம்பளத்துல அம்மா 55 நாளைக்கு மேல முழுப் பேர் போட்டிருக்கணும். அரைப்பேர் விழாம, மழையில வேலை நிக்காம, ஒரு கிலோ அரிசி வாங்காம, கடைக்கடன் அடைக்காம. 2023ல பெர்லின்ல டிகிஸ்ட் அசேஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில உலக சாதனை வெச்சப்ப போட்டிருந்த அடிடாஸ் சப்பாத்து 500 டொலர், எடை 138 கிராம். அது ஒரே ஒரு மரதனுக்கும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடிப் பழகுறதுக்கும்னு செஞ்சதுன்னு கம்பனியே சொல்லுது. நூத்திப் பதினொரு நாள் கொழுந்து, ஒரு காலை ஓட்டம்.

இதுல சமம்னா என்னன்னு பார்க்க 2020 பெப்ரவரி அட்லான்டாவுக்குப் போகணும். அமெரிக்க ஒலிம்பிக் மரதன் தெரிவுப் போட்டி. ஓடத் தகுதி பெற்ற எல்லாருக்கும் நைக்கி தன்னோட புதுச் சப்பாத்தை இலவசமா குடுத்தது. தர்மம் ஒன்னுமில்ல, சுத்தமான விளம்பரம். ஆனா நடந்ததைப் பாருங்க. எந்தச் சப்பாத்துக் கம்பனியோட ஒப்பந்தமும் இல்லாத ஜேக் ரைலி அதைப் போட்டு ரெண்டாவதா வந்து ஒலிம்பிக் அணிக்குப் போனார். ஆண்கள்ல முதல் மூணு பேருமே அந்தச் சப்பாத்து. அதே நாள் பெண்கள்ல முதலாவதா வந்த அலிஃபைன் துலியாமுக் போட்டிருந்தது ஹோகா. சப்பாத்து கிடைச்சா எல்லாரும் ஜெயிப்பாங்கன்னு இல்ல. எல்லாருக்கும் கிடைச்ச பிறகுதான் யார் நல்லா ஓடுறாங்கன்னே தெரிய வருது.

திரும்ப ஒபிரிக்கு வர்றேன். அவங்க கம்பனி மாறினதால ஜெயிச்சாங்கன்னா, மாறினது சப்பாத்து மட்டுமா? கணவரையும் மகளையும் கூட்டிக்கிட்டு கொலராடோவுல போல்டர் என்கிற ஊருக்கே குடிபோனாங்க. டேதன் ரிட்சென்ஹைன் என்கிற பழைய அமெரிக்க மரதன்காரர் பயிற்சியாளர் ஆனார். கூட ஓட ஒரு குழு, காலைப் பார்க்க ஆள், மாசத்துச் செலவைப் பத்தி யோசிக்காம பயிற்சி செய்ய வருமானம். கம்பனி மாறுறதுன்னா அந்த உலகத்துல இவ்வளவும் மாறுது. நமக்குத் தெரிஞ்ச கம்பனி மாற்றம் வேற மாதிரி. 1975ல தோட்டம் அரசாங்கத்துக்குப் போச்சு, 1992ல திரும்ப கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்துச்சு. ரோட்டோர போர்டுல பேர் மாறுச்சு. லயம் அப்படியே இருந்துச்சு.

போல்டர் ஏறக்குறைய 1,650 மீற்றர் உயரம். உயரத்துல ஒட்சிசன் குறைவு, உடம்பு பழகும், அதுக்காகத்தான் உலகமே அங்க போகுது. நுவரெலியா 1,868 மீற்றர். காத்தும் ஏத்தமும் நமக்குப் பிறந்ததுல இருந்து இலவசம். பாடசாலைக்கு ஏறி இறங்குறதே பயிற்சி. இல்லாதது மிச்சமெல்லாம். வலய மட்டத்துல புல்லுல ஓடி முதலாவது வந்து, பெரிய போட்டிக்குப் போகும்போதுதான் பல புள்ளைங்க முதல் தடவையா செயற்கைத் தடத்துல கால் வைக்கிறாங்க. தியகம மைதானத்தைச் சொல்றேன், நம்ம டயகம இல்ல, ஹோமாகம பக்கம் இருக்கிறது. (பேர் மட்டும் கிட்டத்தட்ட ஒன்னு, வேற எதுவும் ஒன்னில்ல.) அங்க பக்கத்து லேன்ல நிக்கிற புள்ளை கால்ல ஸ்பைக். நம்ம புள்ளை கால்ல பாடசாலை வெள்ளைச் சப்பாத்து, இல்லன்னா அண்ணனோட சப்பாத்துக்குள்ள ரெண்டு சோடி மேஸ். பொம்பளைப் புள்ளைங்க நிலைமை இன்னும் மோசம். அண்ணன் சப்பாத்தே அவங்களுக்கு அளவு பெரிசு.

அதனால என் கட்சி இது. கார்பன் தகடு நம்ம முதல் தேவை இல்ல. இன்னும் வேகம் வராத, வளர்ற வயசுப் புள்ளைக்கு அது வீண் செலவு. அதைவிட வீண், டவுன்ல தொங்குற கொப்பி. மேல பெரிய பிராண்ட் அடையாளம், உள்ள மரக்கட்டை மாதிரி ஃபோம். அந்தக் காசுக்கு காலுக்குச் சரியான ஒரு டீஎஸ்ஐ வாங்கினா முழங்காலாவது பிழைக்கும். தினப் பயிற்சிக்கு அளவான சப்பாத்து ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா வேணும், அதுல பங்கு போட முடியாது. ஆனா போட்டி நாளுக்கான ஸ்பைக்கைப் பங்கு போடலாம். வருஷத்துல நாலஞ்சு நாள்தான் அதுக்கு வேலை. நம்ம கிரிக்கெட் கிளப்ல பெட் யாருக்குச் சொந்தம்? எல்லாருக்கும் பொது. தீபாவளிக்கு முன்னாடி லயம் லயமா காசு சேர்த்து பெட் வாங்கத் தெரிஞ்ச நமக்கு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுன்னு நாலு அளவுல நாலு சோடி ஸ்பைக் வாங்கி பாடசாலை விளையாட்டு அறையில வைக்க ஏன் தோணல? ஓட்டக்காரன் தனி ஆள், அவனோட பாடு அவனுக்குன்னு நினைச்சுட்டோம் போல.

பழைய மாணவர் சங்கங்கள் இதை எடுக்கலாம். கொழும்புல வேலை செய்யுற நம்ம பசங்க ஊருக்கு வரும்போது ஜெர்சி அடிச்சுக் குடுக்கிறாங்க, பின்னாடி அவங்க பேரும் போட்டு. நல்ல விஷயம். ஆனா ஜெர்சி யாரையும் ஒரு விநாடிகூட வேகமாக்காது.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒவ்வொரு தோட்டத்துலயும் மரதன் ஓட்டம் வைக்கிறோம். மேல்கணக்கு, கீழ்க்கணக்குன்னு அறுபது எழுபது பேர் ஓடுவாங்க. முதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் கப், ரெண்டு அடி உயரம், மேல தங்கக் கலர். அதுக்குப் போற காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஒரு நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்கலாம். யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாம எந்த அளவுல வாங்குறதுன்னு குழப்பம் வரும், அதுக்கும் வழி இருக்கு. பேர் பதியுற கொப்பியில பேர், வயசு, டிவிசன்னு மூணு கோடு போடுவோம்ல, பக்கத்துல நாலாவதா இன்னொரு கோடு: கால் அளவு.