மருத்துவமனைக்கு வெளியே

கொல்கத்தாவின் ராஸ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட், பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பித் தூளும் அங்கே எளிதில் கிடைக்கும். சற்றுத் தொலைவிலுள்ள சேத்லாவில், மனநோயால் வீதிக்கு வந்துவிட்ட பெண்களுக்கான காப்பகம் ஒன்றை 'ஈஸ்வர் சங்கல்பா' என்ற தொண்டு நிறுவனம் 2010-இல் தொடங்கியது.

காப்பகத்தைவிடக் கவனத்துக்குரியது அந்நிறுவனத்தின் வீதிப் பணி. நடைபாதையில் கிடப்பவரை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றுவதில்லை. அவர் இருக்கும் இடத்துக்கே சிகிச்சை செல்கிறது. அருகிலுள்ள தேநீர்க் கடைக்காரரோ, நடைபாதை வியாபாரியோ உணவும் மாத்திரையும் கொடுக்கும் பொறுப்பை ஏற்கிறார். தெரிந்த முகங்களை இழக்காமலேயே ஒருவர் மீள முடிகிறது.

இதன் அருமை தமிழகத்துக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். சங்கிலியை அகற்றச் சொல்வது எளிது. அகற்றிய பின் அவர்கள் எங்கே போவார்கள் என்பதே கடினமான கேள்வி. 1993-இல் தொடங்கப்பட்ட சென்னையின் 'தி பான்யன்', நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழும் ஏற்பாட்டை 2015-இல் கொண்டுவந்தது, அதற்கு ஒரு விடை.

சட்டமும் இதையே சொல்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, சமூகத்தில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. இடைநிலை இல்லங்கள், வீட்டிலேயே மறுவாழ்வு, குழந்தைகளுக்கான மனநலச் சேவை ஆகியவற்றை அரசின் கடமையாக்குகிறது 18-ஆவது பிரிவு. சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், பல இடங்களில் புறநோயாளி சீட்டுடன் நின்றுவிடுகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. பள்ளியில் அது பிடிவாதம் என்றோ, சோம்பல் என்றோ எழுதப்பட்டுவிடுகிறது.

மறுவாழ்வில் மொழிக்கும் பங்குண்டு. தமிழ் மட்டுமே பேசும் ஒருவர் ஹவுரா ரயில் நிலையத்தில் திசை தெரியாமல் நின்றால், அவர் சொல்லும் ஊர்ப் பெயரைப் புரிந்துகொள்ள லேக் மார்க்கெட்டில் ஆள் உண்டு. அவர்களின் தொலைபேசி எண்கள் காவல் நிலையங்களிலும் அரசு மனநல மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும். சென்னையில் தவிக்கும் வங்காளியருக்கும் அப்படியே. இரு மாநில அரசுகளும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி இதைத் தொடங்கலாம்.