உக்கிராணச் சாவி

போன வாரம் ஒரு பள்ளி விழாவில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். சீட்டு எடுத்து, இரண்டு நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். பேனரில் ‘இம்ப்ராம்ப்டு’ என்று போட்டிருந்தார்கள். ‘குடை’ என்று சீட்டு வந்த எட்டாம் வகுப்புப் பையன் என்னிடம் கேட்டான்: “சார், தயார் பண்ணாமப் பேசுறதுதானே இது? அப்புறம் எதுக்கு ரெண்டு நிமிஷம்?”

நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சொல்லிலேயே தயாரிப்பு இருக்கிறது. லத்தீனில் அது ‘இன் ப்ராம்ப்டு’ என்று இரண்டு சொல். கைக்கெட்டும் இடத்தில் என்று பொருள். வேர்ச்சொல் ‘ப்ரோமெரே’, அதாவது வெளியே எடுத்து வைத்தல். ரோமானிய வீட்டில் களஞ்சியத்துப் பண்டங்களை எடுத்துக் கொடுப்பவன் ‘ப்ரோமுஸ்’, உள்ளே அடுக்குபவன் ‘கோந்துஸ்’. பிளாட்டஸ் நாடகம் ஒன்றில் ஓர் அடிமை, இரண்டும் நானே என்கிறான். நம் கல்யாண வீட்டு உக்கிராணக்காரர்தான். ‘இன்னும் நாலு தேங்காய்’ என்று சமையல்காரர் கத்தினால் உடனே நீட்டுவார். முந்தின நாள் அவர் எண்ணி அடுக்கியது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதையே சேர்த்து ‘இம்ப்ராம்ப்டுஸ்’ என்று எழுதினால் லத்தீனில் ‘தயாரில்லாதவன்’ என்றாகிவிடும். அங்கே வரும் ‘இம்’ மறுக்கிற ‘இம்’. ‘இம்ப்ரொவைஸ்’ என்பதில் இருப்பதும் அதுதான்: முன்கூட்டிப் பார்த்திராதது. பையன் இரண்டையும் குழப்பிக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் இசையமைப்பாளர் ஷூபர்ட் 1827இல் எட்டு ‘இம்ப்ராம்ப்டு’களைப் பியானோவுக்கென்று உட்கார்ந்து எழுதியே வைத்தார். ரோமின் பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியனோ, நினைத்த மாத்திரத்தில் பேசும் திறனை நெடுநாள் படிப்பின் பெரும்பலனாகத்தான் கருதினார்.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல நேரமில்லை. “உள்ளே என்ன இருக்குன்னு தேட ரெண்டு நிமிஷம்டா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, தாத்தாவின் கிழிந்த குடைக்கம்பியில் தூண்டில் செய்த கதையைச் சொன்னான்.

முதல் பரிசு வேறொரு சிறுமிக்கு. எந்தத் தலைப்பு வந்தாலும் அப்துல் கலாமில் போய் முடிகிற பேச்சு; அவள் உக்கிராணத்தில் அந்த ஒரு டப்பாதான் இருந்தது. குடைப் பையனுக்கு இரண்டாம் இடம். என் மதிப்பெண் தாளில் மட்டும் அவன்தான் முதல்.