பொதுத்தேர்வில் ஸ்க்ரைப், கூடுதல் நேரம், பாட விலக்கு: யாருக்கு உரிமை? எதில் கவனம் தேவை?

"கேட்டா கடகடன்னு பதில் சொல்றான். பேப்பர்ல எழுதச் சொன்னா மட்டும் தடுமாறுறான்." டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பத்தாம் வகுப்பு நெருங்கும்போது அடுத்த கவலை வந்துவிடும். பொதுத்தேர்வை எப்படி எழுதுவது? ஏதாவது பாடத்தில் விலக்கு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் 'பாட விலக்கு' வேறு, 'தேர்வு எழுதுவதற்கான வசதி' வேறு. முதலாவது பாடத்தையே எடுத்துவிடுகிறது. இரண்டாவது அதே பாடத்தை வேறு விதமாக எழுத உதவுகிறது. இந்த வித்தியாசம் புரியாமல் எடுக்கும் முடிவு, பிளஸ் ஒன் அட்மிஷன் நேரத்தில் சிக்கலாக வந்து நிற்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா ஆகிய கற்றல் குறைபாடுகளும், ஆட்டிசமும் இந்தப் பட்டியலுக்குள் வந்தன.

இந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மாணவர்களின் தேவைக்கு ஏற்ப பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றம் செய்ய வேண்டும் என்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எனப்படும் ஸ்க்ரைப், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாடங்களில் இருந்து விலக்கு ஆகியவற்றை அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதாவது, இது பள்ளி நிர்வாகம் பரிதாபப்பட்டுக் கொடுக்கும் சலுகை இல்லை.

நடைமுறையில் என்னென்ன கிடைக்கும்?

தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பார்வையின்மை, இரு கைகளும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் ஆகியவை உள்ளவர்கள் கேட்டாலே ஸ்க்ரைப் தர வேண்டும் என்றும் அந்த நெறிமுறை சொன்னது. மற்றவர்கள், எழுதுவதில் சிரமம் இருப்பதாக அரசு மருத்துவமனையின் உரிய அதிகாரியிடம் சான்றிதழ் பெற வேண்டும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள், பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து ஸ்க்ரைப், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெறலாம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒரு மொழி மட்டும் படிக்கலாம். கணிதம், அறிவியலுக்குப் பதிலாக இசை, ஓவியம், மனையியல் போன்ற பாடங்களைத் தேர்வு செய்யவும் வழி உண்டு.

40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்?

பல ஆண்டுகளாக பலரும் முட்டி நின்றது இந்த இடத்தில்தான். இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதே அளவுகோலை ஸ்க்ரைப் தருவதற்கும் தேர்வு அமைப்புகள் வைத்தன. 35 சதவீதம் என்று சான்றிதழ் வந்தால், கை எழுத மறுத்தாலும் ஸ்க்ரைப் கிடையாது.

2021 பிப்ரவரியில், யூபிஎஸ்சி ஸ்க்ரைப் தர மறுத்த ஒரு தேர்வரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. 40 சதவீத வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு மட்டும்தான், தேர்வு எழுதும் வசதிக்கு அதைப் பொருத்தக் கூடாது என்றது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் தனி நெறிமுறை வந்தது. 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இந்த வசதிகள் எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று மீண்டும் உத்தரவிட்டது.

சரி, உத்தரவு இருந்தால் போதுமா? 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் தராமலேயே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அது அநீதி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. பாதிப்பை எப்படிச் சரிசெய்வது என்று பரிசீலிக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. தேர்வு அறையில் பறிபோன நேரத்தை நீதிமன்றத்தால்கூட முழுசாகத் திருப்பித் தர முடியவில்லை.

விலக்கு வாங்கினால் என்ன பிரச்சனை?

கணக்கு வரவில்லை என்று பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தை விட்டால், இப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு கிடைப்பது கடினம். கணிதம் இல்லாமல் பொறியியல் போன்ற படிப்புகளின் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். 15 வயதில் எடுக்கும் முடிவு 18 வயதில் வழிமறிக்கும்.

அமெரிக்கா இதே கேள்வியை வேறு கோணத்தில் பார்க்கிறது. அங்கே சிறப்புக் கல்வி மாணவர்களையும் மாநிலத் தேர்வுகளில் சேர்த்தே ஆக வேண்டும். தீவிர அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றுத் தேர்வு உண்டு. அதை எழுதுவோர், ஒவ்வொரு பாடத்திலும் மாநிலம் முழுவதும் தேர்வெழுதும் மாணவர்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. காரணம், தேர்வுக் கணக்கில் வராத பிள்ளைக்குப் பாடம் நடத்தவும் பள்ளி மெனக்கெடாது என்ற பயம்.

அதற்காக விலக்கே கூடாது என்று அர்த்தம் இல்லை. காது கேளாத மாணவருக்கு மூன்று மொழிகள் பெரிய சுமை. அங்கே மொழிப்பாட விலக்கு உண்மையான உதவி. ஆனால் பதில் தெரிந்தும் எழுதத்தான் முடியவில்லை என்ற மாணவருக்குத் தேவை ஸ்க்ரைப்பும் நேரமும். பாடத்தையே எடுத்துவிடுவது அவருக்குத் தீர்வு ஆகாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தவுடன் மதிப்பீடு செய்து, அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெறுவது நல்லது.

* ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

* விலக்கு கேட்கும் முன், பிள்ளை அடுத்து என்ன படிக்க விரும்புகிறது, அதற்கு அந்தப் பாடம் தேவையா என்று பாருங்கள்.

* ஸ்க்ரைப்புடன் எழுதுவதற்கும் பயிற்சி வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே பழகட்டும்.

* தேர்வு நாளில் அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். "எங்களுக்கு எதுவும் வரலையே" என்று அறைக் கண்காணிப்பாளர் சொன்னால், அப்போதே காட்ட முடியும்.